கட்டளையைக் கைமாற்றுதல்: நாஞ்சில் நாட்டுக் குடும்ப அறங்கள்

ஒரு குடும்பம் தன் வருவாயிலோ சொத்திலோ ஒரு பகுதியைப் பிறர் நன்மைக்கென ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொடர்ந்து நடத்தும்படி செய்துவைக்கும் ஏற்பாட்டையே இந்த அத்தியாயம் குடும்ப அறம் என்ற சொல்லால் குறிக்கிறது. தனிமனிதரின் வள்ளன்மை இதிலிருந்து வேறானது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் (1908–1957) கொடைக்குணம் தமிழகம் முழுவதும் பேசப்படுவது. ஆனால் அது அவர் என்ற மனிதரின் இயல்பே அன்றி, அடுத்தவர் எடுத்து நடத்தத்தக்க ஏற்பாடு அன்று. அத்தகைய இயல்பை எந்த வழிகாட்டி நூலும் கற்பித்துவிட முடியாது. ஏற்பாட்டைக் கற்பிக்க முடியும். அதற்குக் கன்னியாகுமரி மாவட்டம், குறிப்பாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு, நல்ல பாடசாலையாக அமைந்திருக்கிறது. நிலைத்த அறங்களைப் போலவே நிலைக்காமற்போன அறங்களின் தடயங்களும் அங்கே ஊருக்கு ஊர் கண்ணில் படுகின்றன என்பது அதற்குக் காரணம்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கோயிலிலோ மடத்திலோ குறிப்பிட்ட ஒரு பூசை, விளக்கு, அன்னதானம் ஆகியவற்றை நடத்துவதற்கென ஒருவர் நிலமோ பணமோ எழுதிவைத்து, அதை இன்னவாறு செய்யவேண்டும் என்று விதிப்பது கட்டளை எனப்படும். அறக்கட்டளை என்ற இன்றைய சொல் இதன் விரிவே. திருவிழாவின்போது உலாவரும் மூர்த்தியை ஒரு மண்டபத்தில் எழுந்தருளச் செய்து, அன்றைய பூசைக்கும் நிவேதனத்துக்கும் ஆகும் செலவை ஒரு குடும்பமோ ஊராரோ ஏற்பது மண்டகப்படி. முஸ்லிம்களிடையே சொத்தை இறைவன் பெயரில் நிரந்தரமாக ஒதுக்குவது வக்ஃப் என்றும், அதன் பொறுப்பாளர் முத்தவல்லி என்றும், தக்கலை பீர்முகம்மது அப்பா தர்கா போன்ற இடங்களில் வேண்டுதலாகச் சமைத்து வழங்கப்படும் உணவு நேர்ச்சை என்றும் சொல்லப்படுகின்றன. சாமித்தோப்பைத் தலைமையிடமாகக் கொண்ட அய்யாவழியினர் தங்கள் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்களில் அன்னம் வழங்குவதைத் தர்மம் என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பர். கிறிஸ்தவ சபைகளில் சபையார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் பொதுவிருந்துக்கு அசனம் என்று பெயர். பெயர்களும் சடங்குகளும் வேறுபட்டாலும் இவை எல்லாவற்றிலும் ஒரு நாளும், அந்த நாளில் கைப்பட வேலை செய்யும் ஆட்களும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அத்தியாயம் சொல்லவரும் செய்தி அதிலேதான் இருக்கிறது.

பழைய ஏற்பாடுகள் காட்டுவது

எழுத்தில் வைக்கப்பட்ட அறங்களுள் இம்மாவட்டத்தின் மிகப் பழையவற்றுள் ஒன்று முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் அமைந்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டில் முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடத்தைப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 சட்டர்கள், அதாவது வேதம் பயிலும் மாணவர்கள், தங்கிக் கற்பதற்கான சாலை ஒன்றையும் நிறுவியதைச் செப்பேடு தெரிவிக்கிறது. அரசன் செய்த கொடை குடும்ப அறத்துக்கு எவ்வாறு முன்மாதிரியாகும் என்ற கேள்வி எழலாம். அந்த ஏட்டில் கொடுத்த பொருளின் கணக்கோடு, எத்தனை பேர் சேர்க்கப்பட வேண்டும், சேர்வோருக்கு என்ன தகுதி வேண்டும், அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், தவறினால் என்ன தண்டம் என்பனவும் எழுதப்பட்டுள்ளன என்பதே இங்குப் பொருட்படுத்த வேண்டியது. இன்று பதிவு அலுவலகங்களில் எழுதப்படும் அறக்கட்டளைப் பத்திரங்களில் பெரும்பாலானவை 'கல்வி, மருத்துவம், ஏழை எளியோர் நலம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை நோக்க, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் இதில் கூடுதல் கவனம் காட்டியிருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நிலத்தைச் சார்ந்த கட்டளைகள் கன்னிப்பூ, கும்பப்பூ எனப்படும் இரு போக நெல்லை நம்பி நடந்தவை. வயலின் விளைச்சலிலிருந்து இத்தனை கோட்டை நெல் என்று அளந்து கொடுக்கும் வரையில், நெல்லின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அன்னதானத்தின் அளவு மாறவில்லை. சோறு சோறாகவே இருந்தது. இந்த ஏற்பாட்டில் பெரிய மாற்றம் 1811, 1812ஆம் ஆண்டுகளில் நேர்ந்தது. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ கோயில்களின் நிர்வாகத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தபோது, கோயில் நிலங்கள் அரசு நிலத்தோடு சேர்ந்தன. அதற்கு ஈடாகக் கோயில் செலவுகளை அரசே ஏற்றது. நிலம் பணமாக மாறிய அந்த மாற்றத்தின் தொடர்ச்சியை இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 290ஏ பிரிவில் இன்றும் காணலாம்: 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த பகுதிகளிலுள்ள இந்துக் கோயில்களின் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை மாநில அரசு தரவேண்டும் என்று அப்பிரிவு விதிக்கிறது. நாட்டின் உச்ச சட்டமே காவல் நிற்கும் கொடை இது. அதனினும் உறுதியான பத்திரத்தை எந்தக் குடும்பமும் எழுதிவிட முடியாது. ஆனால் காவல் தொகைக்குத்தான் இருந்தது, தொகையின் மதிப்புக்கு இல்லை. 1956இல் பல கோயில்களைத் தாங்கிய அத்தொகை காலப்போக்கில் போதாமல்போய், அரசு தனியே மானியம் சேர்த்துத் தரவேண்டிய நிலை வந்தது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் ஒரு தொகையின் வாங்கும் ஆற்றல் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும் என்ற எளிய கணக்கு, தாத்தா பெயரில் வைப்புநிதி போட்டு அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை அன்னதானம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பொருள் தேய்வது ஒரு வகை அழிவு என்றால், நோக்கமே காலாவதியாவது மற்றொரு வகை. தலைச்சுமையோடு நடந்துபோவோர் எவர் உதவியுமின்றிச் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்காக, இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி அமைக்கும் சுமைதாங்கி, கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் செய்துவைக்கும் அறமாகத் தமிழகத்தின் தென்கோடியில் நெடுங்காலம் இருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்கிவைக்கும் கல் என்ற அந்தக் கருத்தின் நுட்பத்துக்கு ஈடாக இன்றைய நினைவுக் கொடைகளுள் ஒன்றைக் காட்டுவது கடினம். வாங்குபவர் யார், எந்தச் சாதி, எந்த ஊர் என்று கல் கேட்பதில்லை. கொடுத்தவரிடம் நன்றி சொல்லவேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. ஆயினும் பேருந்தும் சுமையுந்தும் வந்தபின் அந்தக் கற்களுக்கு வேலை இல்லாமற்போயிற்று. வழிப்போக்கர் தங்கிய வழியம்பலங்களுக்கும் அதே கதிதான். நட்டவர்களின் வழித்தோன்றல்கள் அதே ஊரில் வசதியாக இருக்கலாம். ஆனால் கல்லை நடுவது என்ற செயல் கைமாறியதே தவிர, வழியில் களைத்தவருக்கு இன்று என்ன தேவை என்று கேட்கும் பொறுப்பு கைமாறவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டதால் பிழைத்த அறத்துக்குச் சென்னையில் சான்று உண்டு. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைக் கோயில் சார்ந்த அறங்களுக்கு எழுதிவைத்தார். பொறுப்பில் இருந்தவர்கள் அதை நிறைவேற்றாததால் வழக்கு நீண்டு, வட்டியோடு பெருகிய தொகையில் அறங்களுக்குப் போக எஞ்சியதைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வகைசெய்ய, 1842இல் பள்ளி பிறந்தது. பின்னர் அதுவே கல்லூரியாயிற்று. மூல நோக்கம் நிறைவேற வழியில்லாதபோதோ தேவைக்கு மேல் பொருள் எஞ்சும்போதோ அந்நோக்கத்துக்கு மிக நெருங்கிய வேறொன்றுக்குப் பொருளைத் திருப்பும் இந்த முறையை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு இன்றும் அனுமதிக்கிறது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1790இல் இறந்தபோது பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்கு ஆயிரம் பவுன் வீதம் விட்டுச்சென்று, இளம் கைவினைஞர்களுக்குக் கடனாகக் கொடுத்து 200 ஆண்டுகள் பெருக்கச் சொன்னார். நூறாம் ஆண்டுக்குப்பின் ஒரு பகுதியைப் பொதுப்பணிக்கு எடுக்கலாம் என்று அவரே இடம் வைத்திருந்ததால், பாஸ்டனில் 1908இல் தொழிற்கல்வி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நீதிமன்றத்துக்குப் போகாமலே நோக்கத்தை மாற்றிக்கொள்ளும் வழியைப் பத்திரத்திலேயே வைத்துவிடுவது, அரை நூற்றாண்டு வழக்கைக் காட்டிலும் மலிவானது.

யார் வாரிசு?

நாஞ்சில் நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனி வரலாறு இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து தந்தையிடமிருந்து மக்களுக்குச் செல்லாமல், தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குச் செல்லும் மருமக்கள்வழி முறை நிலவிற்று. குடும்பச் சொத்தை ஆளும் மூத்த ஆண் காரணவர் எனப்பட்டார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இம்முறையின் கேடுகளை எள்ளி நகையாடி எழுதிய 'மருமக்கள்வழி மான்மியம்' அக்கால மாற்றத்துக்குத் துணைநின்ற நூல். 1926இல் வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் மக்கள்வழி உரிமைக்கும் பாகப்பிரிவினைக்கும் வழி திறந்தது. பிள்ளைகளின் நோக்கில் அது நீதியே. ஆனால் அறத்தின் நோக்கில் அதில் ஒரு சிக்கல் பிறந்தது: காரணவர் ஒருவர் கையில் இருந்த வயலைப் பல பங்காகப் பிரிக்கலாம், அந்த வயலைச் சார்ந்த விளக்கையும் மண்டகப்படியையும் எப்படிப் பிரிப்பது? முறைவைத்து ஆண்டுக்கு ஒரு கிளை நடத்துவது ஒரு வழி. ஒரு கிளை வயலை அறத்தோடு சேர்த்து ஏற்பது இன்னொரு வழி. எதையும் எழுதாமல் 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது' என்ற மூன்றாவது வழியே எளிதாகத் தோன்றுவது; ஒருவர் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அறம் நின்றுபோவதும் அதில்தான்.

எனவே இன்று ஏற்பாடு எழுதும் குடும்பம் 'குடும்பத்தின் மூத்தவர்' என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. வயதில் மூத்தவரா, மூத்த மகனின் கிளையில் மூத்தவரா, மகள்களும் அவர்கள் மக்களும் அடக்கமா என்பதைச் சொல்லாத பத்திரம் இரண்டாம் தலைமுறையிலேயே வழக்காகும். திருமணமாகி வேறூர் சென்ற மகள் பொறுப்பேற்கலாகாது என்ற எண்ணம் பல வீடுகளில் பேசப்படாத விதியாக இருக்கிறது. பெண்வழியே சொத்து சென்ற நாட்டில் இந்த எண்ணம் வேரூன்றியிருப்பது வியப்புக்குரியது. பொறுப்பாளர் குழுவில் குடும்பத்துக்கு வெளியே ஒருவரையாவது, உள்ளூர் ஆசிரியரையோ மருத்துவரையோ கணக்கரையோ, சேர்த்துக்கொள்வது உறவுகளுக்குள் எழும் பூசல் அறத்தின்மேல் விழாமல் காக்கும்.

பிடியரிசி கற்பிக்கும் பாடம்

கொடுக்கும் குணம் அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு செல்கிறது என்பதற்கு இம்மாவட்டம் தரும் மிகச் சிறந்த விடை பெரிய கொடைகளில் இல்லை. தென் திருவிதாங்கூரின் கிறிஸ்தவ சபைகளிலும் கத்தோலிக்கப் பங்குகளிலும் வேரூன்றிய பிடியரிசி என்ற வழக்கில் இருக்கிறது. உலையில் இடுவதற்காக அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, வாரத்துக்கு ஒருமுறை அதைக் கோயிலில் சேர்ப்பதே அந்த வழக்கம். சபை ஊழியத்துக்கும் கட்டடத்துக்கும் இல்லாதவர்களுக்கும் அந்த அரிசி பயன்பட்டது. ரொக்கம் கையில் புரளாத வீடுகளும், சம்பாத்தியத்தில் உரிமை இல்லாத பெண்களும் கொடையாளராக முடிந்தது இந்த வழியாகத்தான்.

இதன் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எடுக்கப்படுவது மிச்சமான அரிசி அன்று, சமைக்கவிருக்கும் அரிசி. கொடை வருவாயின் கடைசியில் நில்லாமல் முதலில் நிற்கிறது. அது அடுக்களையில், பிள்ளைகளின் கண்முன், நாள்தோறும் நடக்கிறது. கலயத்தில் அரிசியைப் போடச் சொல்லிக் குழந்தையிடம் கொடுத்தாலே போதும், விளக்கவுரை தேவைப்படாது. நிறைந்த கலயத்தைச் சுமந்துபோய்க் கொடுப்பதும் வீட்டில் உள்ளவர்களே. மாதச் சம்பளத்திலிருந்து வங்கிக் கணக்கு வழியே தானாகக் கழிந்துபோகும் நன்கொடை தொகையில் இதைவிடப் பன்மடங்கு பெரியதாக இருக்கலாம். ஆனால் அதை வீட்டில் எவரும் பார்ப்பதில்லை, ஆதலால் எவரும் கற்பதுமில்லை. மண்டகப்படிகள் பல தலைமுறை நீடிப்பதற்கும் இதுவே காரணமாகலாம். சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழா வந்துவிட்டால் அந்த நாளை நாட்காட்டி விட்டுத்தருவதில்லை. பூவுக்குச் சொல்லவும், நிவேதனத்துக்கு ஏற்பாடு செய்யவும், வருபவர்களுக்குப் பரிமாறவும் ஆட்கள் வேண்டும். வெளியூரில் இருப்பவர்களும் அந்த நாளுக்கென்று ஊர் வருகிறார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலைக் குமாரரும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் சென்றுவரும் ஊர்வலம், 1956இல் இடையே மாநில எல்லை விழுந்த பிறகும் நிற்காமல் தொடர்வது, நாளும் வழியும் ஆளும் குறிக்கப்பட்ட கடமைக்கு இருக்கும் பிடிமானத்தைக் காட்டுகிறது.

நடைமுறையில் இதன் பொருள், பிள்ளைகளுக்குக் கொடையின் செய்தியை அறிவிப்பதோடு நில்லாமல் அதில் ஒரு வேலையையும், வயது ஏற ஏற ஒரு முடிவையும் கொடுப்பது. பத்து வயதுப் பிள்ளை பரிமாறலாம். பதினைந்து வயதுப் பிள்ளை கணக்கு எழுதலாம். பதினெட்டைத் தாண்டியவர்களிடம் ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதியை விட்டு, எங்கே கொடுப்பது என்பதை அவர்களே விசாரித்து முடிவுசெய்யவும், தவறான இடத்தில் கொடுத்திருந்தால் அதை அடுத்த ஆண்டு அவர்களே கண்டுபிடிக்கவும் விடலாம். அவர்கள் தாத்தாவின் விருப்பத்தை விட்டுவிட்டுத் தெருநாய்களுக்கோ குளத்தைத் தூர்வாருவதற்கோ கொடுக்க விரும்பினால், பெரியவர்கள் முகம் சுளிக்காமல் இருப்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே.

ஏற்பாட்டைச் செய்யும் முறை

புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன், குடும்பத்தின்மேல் ஏற்கெனவே உள்ள கடமைகளைத் தேடிப்பார்க்க வேண்டும். 1956க்கு முந்திய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டிட்டு எழுதப்பட்டிருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், அப்போதிருந்து டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824ஐயும், ஜனவரி முதலான தேதிக்கு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1101 என்பது 1925 ஆகஸ்டில் தொடங்கி 1926 ஆகஸ்டில் முடிந்தது. தொகை சக்கரத்தில் குறிக்கப்பட்டிருந்தால், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று கொள்ளலாம். அந்தக் காசுக் கணக்கின்படி இன்று கொடுத்தால் எண்ணெய்க்குக்கூட ஆகாது. எனவே பத்திரத்தில் உள்ள தொகையை விட்டு, அத்தொகை அன்று செய்த வேலையைக் கண்டறிந்து அதைத் தொடர வேண்டும்.

ஒதுக்கீட்டை நிலையான தொகையாக வைக்காமல், வருவாயின் பங்காகவோ நடைபெற வேண்டிய செயலின் அளவாகவோ, அதாவது 'ஆண்டுக்கு இரண்டு மாணவரின் முழுக் கல்லூரிச் செலவு' என்பதுபோல, எழுதுவது முறை. முதலீட்டின் வருவாயில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்கவேண்டும் என்றும் எழுதலாம். நெருங்கிய உறவினர் இறந்த துயரத்தில், பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குக் கூடியிருப்போர் முன்னிலையில் பெரிய அறத்தை அறிவிக்கும் வழக்கத்தைத் தவிர்த்து, முதலாண்டு நினைவு நாள் வரை பொறுப்பது நல்லது. அறிவித்தவரின் மனைவியோ கணவரோ பின்னர் அதைச் சுமக்க நேரும் இக்கட்டு இதனால் குறையும்.

எல்லா அறத்துக்கும் அறக்கட்டளைப் பதிவு வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில ஆயிரங்களைக் கையாளும் குடும்பத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் ஒரு குறிப்பேடுமே போதும். பதிவும் தணிக்கையும் அந்தத் தொகையைத் தின்றுவிடும். அசையாச் சொத்தை ஒதுக்கும்போதும் வெளியாரிடம் நன்கொடை பெறும்போதும் பதிவுசெய்த அறக்கட்டளை தேவைப்படும். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை பொதுவாகத் தன் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட்டாக வேண்டும். 80ஜி எனப்படும் வரிக்கழிவு கொடையாளருக்குக் கிடைக்க, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடை ரொக்கமாக இருக்கலாகாது. ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கோ சாதியாருக்கோ மட்டும் உரிய அறத்துக்கு அக்கழிவு பொருந்தாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் அது இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அவற்றைத் தணிக்கையாளரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

வளைகுடா நாடுகளிலும் பிற நாடுகளிலும் பிள்ளைகள் வாழும் குடும்பங்கள் இம்மாவட்டத்தில் ஏராளம் என்பதால் ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகன் துபாயிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியே குடும்ப அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட மகள் அனுப்பினால், அவர் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதைப் பெறலாகாது. உடன்பிறந்த இருவரும் ஒரே நாளில் ஒரே அறத்துக்கு அனுப்பிய பணத்தில் ஒன்று முறையானதாகவும் மற்றொன்று குற்றமாகவும் முடியக்கூடும். அத்தகைய பிள்ளையை ஏற்பாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டியதில்லை; பணத்துக்கு மாறாக, ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பையும், அந்த ஆண்டு உதவிபெற்ற மாணவரோடு மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசும் பொறுப்பையும் அவருக்கு ஒதுக்கலாம். குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே தொகைக்கான கட்டம் வெறுமையாக இருக்கும்; வேலைக்கான கட்டம் நிரம்பியிருக்கும்.